மெடிக்கல் அசிஸ்டன்ட் டிப்ளமோவுக்குப் பணம் கட்டும் முன்

கேள்வி:

வணக்கம் அம்மா. எனக்கு 20 வயது. ராயக்கோட்டை பக்கம் ஒரு கிராமம். அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்து இரண்டு வருடம் ஆகிறது. உயிரியல் குரூப், 600க்கு 431 மதிப்பெண். அப்பா தக்காளி போடுகிறார். நான் பிளஸ் டூ முடித்த வருடம் பறிப்புக் கூலிக்குக்கூட விலை கட்டவில்லை. அதனால் மேலே படிக்க வைக்க முடியவில்லை. ஒன்றரை வருடமாக ஒரு கிளினிக்கில் வேலை செய்கிறேன். டோக்கன் எழுதுவேன், பிரஷர், சுகர் பார்ப்பேன். டாக்டர் வர நேரமானால் அவர் போனில் சொல்லும் ஊசியை நானே போட்டு மாத்திரையும் கொடுத்துவிடுவேன். சம்பளம் 6,500.

கிருஷ்ணகிரியில் ஒரு பயிற்சி மையத்தில் ‘டிப்ளமோ இன் மெடிக்கல் அசிஸ்டன்ட்’ என்று ஒரு வருடப் படிப்பு இருக்கிறது. காலையில் இரண்டு மணி நேரம் மட்டும் வகுப்பு, கட்டணம் 48,000. அரசு அங்கீகாரம் உண்டு, அமெரிக்காவில் இந்த வேலைக்கு நிறைய ஆள் தேவை, இந்தச் சான்றிதழ் அங்கேயும் செல்லும் என்கிறார்கள். 2,000 ரூபாய் முன்பணம் கட்டிவிட்டேன். பிளஸ் டூ ஒரிஜினல் மார்க் ஷீட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மீதிப் பணத்துக்குத் தோட்டை அடகு வைக்கலாம் என்கிறார் அம்மா. சேரலாமா?

பெயர் வேண்டாம், ராயக்கோட்டை வாசகி

பதில்:

அன்புள்ள மகளுக்கு,

சேராதே. அம்மாவின் தோடு காதிலேயே இருக்கட்டும்.

34 வருடம் அரசு மருத்துவமனைகளில் செவிலியராக இருந்தேன், பெரும்பகுதி தருமபுரியில். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில்தான். அதுவரை ராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி எல்லாமே எங்கள் மாவட்டம். உங்கள் பக்கத்துப் பெண்கள் எத்தனையோ பேர் என் வார்டில் பயிற்சி எடுத்திருக்கிறார்கள். அந்த உரிமையில்தான் ‘நீ’ என்று எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெயரைப் பார்ப்போம். ‘மெடிக்கல் அசிஸ்டன்ட்’, ‘மருத்துவ உதவியாளர்’ என்ற பெயர் நம் ஊரில் நாலைந்து வேலைகளுக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. 108 ஆம்புலன்சில் டிரைவருக்குத் துணையாக, நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து வருபவரை மருத்துவ உதவியாளர் என்றுதான் ஆள் எடுப்பு அறிவிப்பில் போடுகிறார்கள். உன்னைப் போல கிளினிக்கில் டோக்கன் எழுதி, பிரஷர் பார்க்கிறவரையும் அப்படிச் சொல்கிறோம். தனியார் மருத்துவமனை வார்டில் நோயாளியைக் குளிப்பாட்டி, படுக்கை மாற்றி, வீல்சேரில் தள்ளிப் போகிறவருக்கும் அதே பெயர். அப்புறம் பிசிஷியன் அசிஸ்டன்ட் என்று பட்டப் படிப்பு படித்து, டாக்டரோடு ரவுண்ட்ஸ் போகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த நால்வரின் படிப்பும் வேறு, பொறுப்பும் வேறு, சம்பளமும் வேறு. உன்னிடம் பேசிய மையம் இந்த நாலில் எதற்குப் பயிற்சி தருகிறது என்று சொன்னதா? சொல்லியிருக்காது. பெயர் பொதுவாக இருக்கிற வரைக்கும்தான் அவர்களால் எல்லாக் கதவையும் காட்ட முடியும்.

அமெரிக்கா விஷயம். மெடிக்கல் அசிஸ்டன்ட் என்பது அங்கே தனி வேலை என்பது உண்மை. டாக்டர் அறையின் முன்னால் இருக்கும் வேலையும் உள்ளே இருக்கும் வேலையும் இரண்டும் அவர்களுக்கு. நோயாளிக்கு நேரம் ஒதுக்குவது, இன்சூரன்ஸ் காகிதம், எடை, பிரஷர், ரத்தம் எடுப்பது, டாக்டர் உத்தரவின்படி ஊசி. இவர்களுக்கென்று ‘அமெரிக்க மெடிக்கல் அசிஸ்டன்டுகள் சங்கம்’ என்றே ஒன்று இருக்கிறது. அது நடத்தும் சி.எம்.ஏ. தேர்வில், அதாவது சான்று பெற்ற மெடிக்கல் அசிஸ்டன்ட் ஆவதற்கான தேர்வில், 200 கேள்வி, 160 நிமிடம். தேறியவரும் 60 மாதத்துக்கு ஒரு முறை சான்றைப் புதுப்பிக்க வேண்டும். அந்தத் தேர்வு எழுத வழக்கமான வழி, அந்த நாட்டு அங்கீகார அமைப்புகள் ஒப்புக்கொண்ட கல்லூரியில் படித்து, அங்கேயே ஒரு கிளினிக்கில் நேரடிப் பயிற்சி முடிப்பது. அந்த வரிசையில் கிருஷ்ணகிரியில் காலை இரண்டு மணி நேரம் நடக்கும் வகுப்பு எங்கே வரும்? நீயே யோசித்துப் பார். அது அந்த நாட்டு முறை, அந்த நாட்டில் படித்தவர்களுக்கானது. இங்கே அந்தப் பெயரை மட்டும் எடுத்து பேனரில் அச்சடித்திருக்கிறார்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மருத்துவத் துறையில் ஒரு சான்றிதழுக்கு மதிப்பு வருவது அதில் இருக்கும் முத்திரையால் இல்லை. அதைக் காட்டினால் எந்தப் பதிவேட்டில் உன் பெயர் ஏறும் என்பதுதான் கேள்வி. செவிலியருக்குத் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமம், மருந்தாளருக்கு பார்மசி கவுன்சில், டாக்டருக்கு மருத்துவக் கவுன்சில். டெக்னீஷியன்களுக்கும் பிசிஷியன் அசிஸ்டன்டுகளுக்கும் பல காலம் அப்படி ஒன்று இல்லாமல் இருந்தது. 2021இல்தான் அதற்கென்று ஒரு தேசியச் சட்டம் வந்தது, தேசிய ஆணையமும் மாநிலக் குழுக்களும் அதன் கீழ் வருகின்றன. அந்தச் சட்டம் ஒரு அளவுகோலும் வைத்திருக்கிறது. துணை மருத்துவப் பணியாளர் என்று சொல்லிக்கொள்ள வேண்டுமானால் டிப்ளமோவோ பட்டமோ குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பாக இருக்க வேண்டும், அதுவும் இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் பரவி.

உன் மையத்தின் கணக்கைப் போடு. தினம் இரண்டு மணி, வாரம் ஐந்து நாள், வருடத்தில் ஐம்பது வாரம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 500 மணி நேரம். கால் பங்கு.

சில வருடம் முன்பு ஒரு பெண் என் அறைக்கு வந்தாள். உன் வயதுதான் இருக்கும். பிளாஸ்டிக் உறை போட்ட பெரிய சான்றிதழ், ஓரத்தில் தங்க நிறக் கோடு, நடுவில் ‘டிப்ளமோ இன் நர்சிங் அசிஸ்டன்ட்’. வீட்டில் மாட்டை விற்றுக் கட்டிய பணம். எந்த மையம் என்று இங்கே எழுதவில்லை. அவளை நிற்க வைத்து அந்தக் காகிதத்தை முன்னும் பின்னும் படித்தேன். எந்தக் கவுன்சிலின் பெயரும் இல்லை, பதிவு எண் போட இடமும் இல்லை. ஒப்பந்த வேலைக்கு விண்ணப்பிக்க வந்திருந்தாள். விண்ணப்பத்தில் ‘பதிவு எண்’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று என்னிடம் கேட்டாள். எழுத ஒன்றும் இல்லை என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவள் அழவில்லை, காகிதத்தைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். உன் கடிதத்தைப் படித்தபோது அவள் முகம்தான் நினைவுக்கு வந்தது.

படிப்பு பற்றி மேலே சொல்லும் முன், உன் கடிதத்தில் நீ போகிற போக்கில் எழுதிய ஒரு வரியைப் பற்றிப் பேச வேண்டும். “டாக்டர் வர நேரமானால் அவர் போனில் சொல்லும் ஊசியை நானே போடுவேன்.”

நிறுத்திவிடு. நாளையே நிறுத்து.

நம் பக்கத்தில் ஊசி போட்டால்தான் வைத்தியம் என்று நினைக்கிறார்கள். மாத்திரை மட்டும் எழுதினால் “ஒரு ஊசி போட்டு அனுப்புங்கம்மா” என்று நிற்பார்கள். நீ வெள்ளைக் கோட்டு போட்டு நின்றால் உன்னையும் நர்சம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அப்படிக் கூப்பிடுவதில் ஒரு சந்தோஷம் இருக்கும், எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஊசி என்ன செய்யும் என்று நான் பார்த்திருக்கிறேன். ஒரு முறை ஏழெட்டு வயதுப் பையனைத் தூக்கி வந்தார்கள். காய்ச்சலுக்கு எங்கேயோ இடுப்பில் ஊசி போட்டிருக்கிறார்கள், மறுநாளிலிருந்து பாதம் தொங்கிவிட்டது. புட்டத்தின் உள்பக்கம் கீழாக சியாட்டிக் நரம்பு போகிறது. ஊசி அங்கே இறங்கினாலோ மருந்து அதைச் சுற்றித் தேங்கினாலோ கால் போகும். அதனால்தான் புட்டத்தை நாலாகப் பிரித்து அதில் மேல்பக்கம், வெளியோரப் பகுதியில் மட்டும் போட வேண்டும் என்று எங்களுக்குப் பாடமாகவே வைத்திருக்கிறார்கள். குழந்தைகளுக்கு அந்த இடமே வேண்டாம், தொடையின் பக்கவாட்டுதான் என்பார்கள். அந்தப் பையனுக்கு ஊசி போட்டவர் கெட்டவர் இல்லை. அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அடுத்தது ஒவ்வாமை. ஆன்டிபயாடிக் ஊசி போட்ட இரண்டு நிமிடத்தில் உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுத்து, பிரஷர் இறங்கிவிடும். அந்த நேரத்தில் உடனே தொடையில் அட்ரினலின் போட வேண்டும், ஆக்சிஜன் வேண்டும், கால்களை உயர்த்திப் படுக்க வைக்க வேண்டும். நீ தனியாக இருக்கிறாய், டாக்டர் ஓசூரிலிருந்து வந்துகொண்டிருக்கிறார். என்ன செய்வாய்? அந்த உயிருக்கு எதாவது ஆனால் போலீஸ் முதலில் கேட்பது “ஊசி போட்டது யார், என்ன படித்திருக்கிறார்” என்பதைத்தான். போனில் சொன்னது யார் என்ற கேள்வி அதற்கு அப்புறம்தான் வரும்.

மாத்திரையும் அப்படித்தான். டாக்டர் தன்னிடம் வந்த நோயாளிக்குத் தானே மருந்து கொடுக்கலாம், அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அவர் இல்லாத நேரத்தில் நீ எடுத்துக் கொடுப்பது வேறு. மருந்து கலந்து, எண்ணிக் கொடுக்கும் வேலை பதிவு பெற்ற மருந்தாளருடையது என்று 1948ஆம் வருட பார்மசி சட்டம் சொல்கிறது.

டாக்டரிடம் இதை எப்படிச் சொல்வது என்று பயமாக இருக்கும். சண்டை போட வேண்டாம். “சார், நான் படிக்கப் போறேன். அதுக்கு முன்னாடி என் பேர்ல ஏதும் பிரச்சினை வரக்கூடாதுன்னு வீட்ல சொல்றாங்க. நீங்க வந்தப்புறம் ஊசி போடலாம், நான் எல்லாம் ரெடியா எடுத்து வைக்கிறேன்” என்று சொல். நல்ல டாக்டராக இருந்தால் புரிந்துகொள்வார். கோபப்பட்டால் அந்த 6,500 ரூபாய் உனக்கு வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், நம் மாவட்டங்களைச் சேர்ந்தவள் என்பதால். தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில் தொடங்கி 2001இல் தருமபுரிக்கும் வந்தது. பெண் குழந்தையைக் கொல்லாதீர்கள், எங்களிடம் கொடுத்துவிடுங்கள் என்று அரசே தொட்டில் வைத்த காலம். அந்தக் கொடுமை இப்போது பிறப்பதற்கு முன்பே நடக்கிறது. கையடக்க ஸ்கேன் கருவியை வீட்டுக்கே கொண்டு வந்து ஆணா பெண்ணா என்று சொல்லும் கும்பல்கள் நம் பக்கத்தில் பிடிபட்ட செய்தியை நீயும் படித்திருப்பாய். அப்படிப்பட்டவர்கள் தேடுவது கிளினிக்கில் வேலை செய்யும், கர்ப்பிணிகளுக்கு முகம் தெரிந்த உன் வயதுப் பெண்களைத்தான். “ஆளை மட்டும் அனுப்பு, ஆளுக்கு இவ்வளவு” என்று இனிமையாகப் பேசுவார்கள். கருவில் ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதைத் தடுக்கும் 1994ஆம் வருடச் சட்டம் ஸ்கேன் செய்தவரோடு நிற்பதில்லை, அந்த இடத்தில் வேலை செய்பவரையும் சேர்த்தே பிடிக்கும். முதல் குற்றத்துக்கே மூன்று வருடம் வரை சிறை. ஆனால் நான் உன்னிடம் சொல்வது சிறைக்குப் பயந்து இல்லை. நீயும் ஒரு வீட்டில் பெண்ணாகப் பிறந்து, பிளஸ் டூ வரை படிக்க வைக்கப்பட்டவள். அந்த மாதிரி ஆள் கிளினிக் வாசலுக்கு வந்தால் அன்றே அந்த வேலையை விட்டு வெளியே வா.

சரி, எங்கே படிப்பது?

உன்னிடம் உயிரியல் குரூப் இருக்கிறது, 431 இருக்கிறது. இது பெரிய சொத்து. அதன் மேல் 48,000 போட்டு அதைவிடச் சின்னதாக ஒன்றை வாங்கப் போகிறாய், அதுதான் எனக்கு மனசு கேட்கவில்லை. துணை மருத்துவப் படிப்புகளுக்கு இங்கே நீட் இல்லாமல்தான் சேர்க்கை நடந்து வந்திருக்கிறது, இந்த வருட அறிவிப்பில் அதை ஒரு முறை பார்த்துக்கொள். சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு, பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை போட்டு இடம் ஒதுக்குகிறது. அறிவிப்பு நாளிதழிலும் தேர்வுக் குழு இணையதளத்திலும் வரும். பட்டம், டிப்ளமோ, சான்றிதழ் மூன்றும் தனித்தனி அறிவிப்பு. ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதைத் தவறவிடும் பிள்ளைகள் நிறைய. தருமபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி 2008 முதல் இருக்கிறது. கிருஷ்ணகிரிக்கு போலுப்பள்ளியில் கல்லூரி வந்துவிட்டது, 2022 ஜனவரியில் திறந்தார்கள். சேலம் பழைய கல்லூரி. இந்த மூன்றும் உனக்கு பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரம், அல்லது விடுதியில் இருந்து மாதம் ஒரு முறை வீட்டுக்கு வரக்கூடிய தூரம்.

பட்டம் படிக்க முடியுமானால் பி.எஸ்சி. பிசிஷியன் அசிஸ்டன்ட். கடைசி வருட மருத்துவமனைப் பயிற்சியோடு சேர்த்து நான்கு வருடம், டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பட்டம். நீ ‘மெடிக்கல் அசிஸ்டன்ட்’ என்று மனதில் வைத்திருக்கும் வேலைக்கு உண்மையில் மிக அருகில் வருவது இதுதான். நோயாளியின் நோய் வரலாறு கேட்டு எழுதுவது, பரிசோதனை முடிவுகளைச் சேர்ப்பது, ஆபரேஷன் தியேட்டரில் துணை நிற்பது, டிஸ்சார்ஜ் குறிப்பு தயார் செய்வது. எல்லாமே டாக்டரின் மேற்பார்வையில். இதற்கு வேலை அதிகம் தனியார் மருத்துவமனைகளில். ஓசூர், பெங்களூரு, சேலம், வேலூர் என்று போகத் தயாராக இருக்க வேண்டும்.

இரண்டு வருடத்தில் கையில் ஒன்று வேண்டும் என்றால் டி.எம்.எல்.டி., லேப் டெக்னீஷியன். ஒரு வருடச் சான்றிதழ் படிப்புகளும் அரசு மருத்துவக் கல்லூரிகளில் உண்டு. டயாலிசிஸ், தியேட்டர், அனஸ்தீசியா, ஈ.சி.ஜி., அவசர சிகிச்சை டெக்னீஷியன் என்று. அவை நல்ல பயிற்சிகள், பிள்ளைகள் வார்டிலேயே கிடந்து கற்றுக்கொள்கிறார்கள். ஆனால் நான் முன்பு சொன்ன 2,000 மணி நேரக் கணக்கை நினைத்துப் பார்த்தால், உன் வயதில் ஒரு வருடம் கூடப் போனாலும் டிப்ளமோவோ பட்டமோ எடுத்துவிடு என்பேன். நாளைக்குப் பதிவு என்று வரும்போது அலைய வேண்டியிருக்காது.

நான் செவிலியர், அதனால் என் மனம் செவிலியர் படிப்பின் பக்கம்தான் சாயும். அதை மறைக்கவில்லை. ஜி.என்.எம். என்ற செவிலியர் டிப்ளமோ மூன்று வருடம், அரசு செவிலியர் பயிற்சிப் பள்ளிகளிலும் இருக்கிறது. முடித்தால் உன் பெயர் கவுன்சில் பதிவேட்டில் ஏறும், ஊசி போடுவதும் மருந்து கொடுப்பதும் உன் வேலையாகவே ஆகும். ஒன்றரை வருடமாக நீ பயந்து பயந்து செய்ததை நிமிர்ந்து நின்று செய்யலாம். அரசு வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், ஒப்பந்த வேலைக்கு மாவட்ட நலவாழ்வு சங்கம் என்று இரண்டு வாசல் திறக்கும். 108இல் சேர நினைத்தாலும் இதே வழிதான். அந்த அறிவிப்புகளில் வழக்கமாக பி.எஸ்சி. நர்சிங், ஜி.என்.எம்., ஏ.என்.எம். என்ற துணைச் செவிலியர் படிப்பு, பிளஸ் டூவுக்குப் பின் இரண்டு வருட டி.எம்.எல்.டி., அல்லது விலங்கியல், தாவரவியல், நுண்ணுயிரியல் போன்ற பட்டம் கேட்கிறார்கள். வயது 19 முதல் 30 வரை. எழுத்துத் தேர்வு, முதலுதவியும் உடற்கூறும் கேட்கும் நேர்முகம், தேறினால் 50 நாள் பயிற்சியை அவர்களே தருகிறார்கள். வெறும் பிளஸ் டூவும் அந்த 48,000 ரூபாய் டிப்ளமோவும் அங்கே செல்லாது.

வீட்டில் வருமானம் ஒரு மாதம்கூட நிற்கக்கூடாது என்ற நிலை என்றால் மட்டும் வேறு வழி சொல்கிறேன். ‘ஜெனரல் டியூட்டி அசிஸ்டன்ட்’ என்ற சில மாதப் பயிற்சி மத்திய, மாநில திறன் மேம்பாட்டுத் திட்டங்களில் இலவசமாகவே கிடைக்கிறது. கிராமப்புற ஏழைக் குடும்பப் பிள்ளைகளுக்கு தீன்தயாள் உபாத்யாயா கிராமப்புறத் திறன் திட்டத்தில் தங்க இடமும் சாப்பாடும் சேர்த்து. கிருஷ்ணகிரி கலெக்டர் அலுவலகத்தில் மகளிர் திட்டப் பிரிவில் கேட்டால் இப்போது எந்தப் பயிற்சி எங்கே நடக்கிறது என்று சொல்வார்கள். நோயாளியைத் தூக்குவது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது, படுக்கைப்புண் வராமல் பக்கம் மாற்றிப் படுக்க வைப்பது, இதெல்லாம் முறையாகக் கற்றுத் தருவார்கள். ஊசி அதில் இல்லை. மதிப்பான வேலை, ஆனால் உன் மதிப்பெண்ணுக்கு இது முதல் படியாக மட்டும் இருக்கட்டும்.

பணம் பற்றி ஒன்று. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் மேற்படிப்பில் சேர்ந்தால் ‘புதுமைப் பெண்’ திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கு வருகிறது, 2022 செப்டம்பரிலிருந்து. நீ சேரும் கல்லூரியில் அதைப் பற்றிக் கேள். உன் பயிற்சி மையத்திலும் ஒரு முறை கேட்டுப் பார், “இந்தப் படிப்புக்குப் புதுமைப் பெண் பணம் வருமா?” என்று. கூடவே இன்னும் இரண்டு கேள்வி. எந்தப் பல்கலைக்கழகம் அல்லது அரசு வாரியம் தேர்வு நடத்துகிறது? பயிற்சிக்கு எந்த மருத்துவமனை வார்டில், வாரம் எத்தனை நாள் நிற்க வைப்பீர்கள், அதற்கு எழுத்தில் ஒப்பந்தம் இருக்கிறதா? வாயால் சொல்வது வேண்டாம், காகிதத்தில் கேள்.

அடுத்த சேர்க்கை வரும் வரை கிளினிக் வேலையை வீணாக்காதே. அங்கே நீ சட்டத்துக்கு உட்பட்டுச் செய்யக்கூடியதைச் சுத்தமாகச் செய்யப் பழகு. பிரஷர் பார்க்கும் முன் நோயாளியை ஐந்து நிமிடம் உட்கார வை. படி ஏறி வந்த மூச்சோடு பார்த்தால் எண் பொய் சொல்லும். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் படிந்து, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும், பேசக்கூடாது. பருமனான கைக்குச் சின்னப் பட்டையைச் சுற்றினால் அளவு கூடத்தான் காட்டும்.

சுகர் பார்க்கும்போது விரலை சோப்பு போட்டுக் கழுவித் துடைக்கச் சொல். மாம்பழக் காலத்தில் இதை மறந்துவிடாதே. பழம் உரித்த விரலில் ஒட்டியிருக்கும் சாறே 300, 400 என்று காட்டவைத்துவிடும். என் வார்டிலேயே ஒரு பெரியவருக்கு அப்படி வந்து எல்லோரும் பதறினோம். கை கழுவி மறுபடி எடுத்தால் 140.

கழிவைப் பிரிப்பதையும் இப்போதே பழகிக்கொள். 2016ஆம் வருட விதிப்படி ரத்தம் பட்ட பஞ்சு, கட்டுத் துணி மஞ்சள் பையில். ஊசி நீக்கிய சிரிஞ்ச், டிரிப் குழாய் சிவப்பில். ஊசி முனை, பிளேடு குத்தினாலும் கிழியாத வெள்ளை டப்பாவில். கண்ணாடிக் குப்பி நீலத்தில். டாக்டர் போட்ட ஊசியாக இருந்தாலும் எடுத்து அப்புறப்படுத்துவது நீதானே, மூடியை மறுபடி மாட்டப் போகாதே. பெரும்பாலான விரல் குத்துகள் அப்போதுதான் நடக்கின்றன. குத்திவிட்டால் பிழியாதே, வாயில் வைக்காதே. ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போ. எச்.ஐ.வி. தடுப்பு மருந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பயன், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. மஞ்சள் காமாலை பி வகைத் தடுப்பூசி போட்டிருக்கிறாயா? இல்லையென்றால் இந்த வாரமே முதல் தவணை. அடுத்தது ஒரு மாதத்தில், மூன்றாவது ஆறாம் மாதத்தில். சம்பளத்தைவிட இதை முதலில் டாக்டரிடம் கேள்.

உங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் காதில் விழுந்து பழகியிருக்கும். தளி, தேன்கனிக்கோட்டையிலிருந்து வரும் பாட்டி தன் வலியைத் தன் மொழியில் சொல்லும்போது அதை டாக்டருக்குச் சரியாக எடுத்துச் சொல்ல ஒருவர் இருப்பது பெரிய விஷயம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது உங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கும் பெண்கள் உன் ஊருக்கும் வருவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களில் யாரையாவது வீட்டில் போய்ப் பார்த்துப் பேசு. இந்த வேலை எப்படி இருக்கும் என்று மையத்து பேனரைவிட அவர்கள் தெளிவாகச் சொல்வார்கள்.

இப்போது உடனே செய்ய வேண்டியது. அந்த மார்க் ஷீட் இல்லாமல் நீ எந்தக் கலந்தாய்வுக்கும் போக முடியாது. அதனால் 2,000 ரூபாயைவிட அதுதான் முதலில் கைக்கு வர வேண்டும். தனியாகப் போகாதே, அப்பாவையோ மாமாவையோ கூட்டிக்கொண்டு போ. படிப்பைத் தொடர விருப்பமில்லை, ஒரிஜினலைத் திருப்பித் தாருங்கள் என்று ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, ஒரு பிரதியில் அவர்கள் கையெழுத்தோ முத்திரையோ வாங்கிக்கொள். முன்பணத்துக்கு ரசீது இருந்தால் அதையும் எடுத்துப் போய்ப் பணத்தைக் கேள். வந்தால் நல்லது. பணத்தைக் காட்டி மார்க் ஷீட்டைப் பிடித்து வைத்தால், “2,000 உங்களுக்கே இருக்கட்டும், காகிதத்தைக் கொடுங்கள்” என்று சொல்லிவிடு. அதற்கும் மறுத்தால் அடுத்த திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். அந்த மனுவின் பிரதியோடு காலையிலேயே போய் வரிசையில் நில். ஊர் காவல் நிலையத்திலும் ஒரு மனு கொடு.

மார்க் ஷீட் கைக்கு வந்ததும் இரண்டு ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு ஒரு வரி எழுது. விண்ணப்பம் நிரப்பும்போது சந்தேகம் வந்தாலும் கேள், பதில் சொல்கிறேன்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற செவிலியர் கண்காணிப்பாளர், தருமபுரி